பூனைகளைத் தெள்ளுப்பூச்சியினின்று காத்தல்

நெல் உள்ள இடத்தில் எலி சேரும்; எலி சேரும் இடத்தில் பூனை வேண்டும். இது குடியானவர் யாவரும் அறிந்த விஷயமே. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டியுள்ள அனுப்பம்பட்டு முதலிய நன்செய் ஊர்களில் பூனை குதிரையும் களஞ்சியத்தையும் காவல் புரிகின்றது. அவற்றிற்கு வடகிழக்கே பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த மீனவர் குப்பங்களில், தானும் சிறிது கருவாட்டைக் கவர்ந்து தின்னுமாயினும், வலையையும் உணங்கல் மீனையும் எலியின் பல்லுக்குத் தப்புவிக்கின்றது. இவ்வாறு பயன்படும் பிராணிக்கு நேரும் துன்பங்களுள் முதன்மையானது தெள்ளுப்பூச்சியாகும்.

இப்பூச்சியை ஒழிக்கும் பொருட்டுப் பலர் வயலுக்கு வாங்கிய மருந்தையோ, மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தையோ, மண்ணெண்ணெயையோ பூனையின் மேல் பூசிவிடுகின்றனர். இதனால் பூனை மடிகின்றது. பூச்சியோ சில நாட்களுக்குள் மீண்டும் தோன்றுகின்றது. காவல் நீங்கிய களஞ்சியத்தில் எலி பெருகுகின்றது. இத்தவற்றிற்குக் காரணம், பூச்சி பூனையின் உடம்பிலேயே வாழ்கின்றது என்ற எண்ணமாகும். உண்மையில் ஒரு வீட்டிலுள்ள தெள்ளின் முட்டை, புழு, கூடு, வளர்ந்த பூச்சி ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், பூனையின் மேல் இருப்பது நூற்றில் 5 பங்கு அளவே. எஞ்சியவை யாவும் தரையில் கிடக்கின்றன. ஆகவே தரையைத் திருத்தாமல் பூனைக்கு மட்டும் மருந்திடுவது, கரையை அடைக்காமல் நீரை இறைப்பது போலாம்.

பூச்சியை அறியும் முறை

தெள்ளு, உண்ணி, பேன் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கருதுதல் கூடாது. உண்ணிக்கு எட்டுக் கால்கள். அது ஓரிடத்தில் கடித்துப் பற்றிக்கொண்டு இரத்தத்தால் பருத்து நிற்கும். பேன் மயிரைப் பற்றி மெல்ல ஊரும். தெள்ளு ஆறு கால்களும், பக்கவாட்டில் தட்டையான கபில நிற உடலும் உடையது. நீளம் சுமார் 1 முதல் 3 மில்லிமீட்டர். இறக்கை இல்லையாயினும் பின்கால்களின் வலிமையால் தன் உடலின் நீளத்தைப் போலப் பன்மடங்கு தூரம் குதிக்க வல்லது. பூனையிடத்தில் காணப்படும் இனத்தை டெனோசெபாலைட்ஸ் பெலிஸ் என்று பூச்சியியல் வல்லுநர் வழங்குவர். பெயரளவில் பூனைத் தெள்ளு எனினும் இது நாயையும் சமமாகப் பற்றும், மனிதரையும் கடிக்கும்.

பூனை தன் உடலை ஓயாது நக்கித் தூய்மை செய்வதால் பல பூச்சிகளை விழுங்கிவிடும். அதனால் மயிரை விலக்கிப் பார்த்தும் பூச்சி அகப்படாமற் போகலாம். அப்பொழுது அதன் எச்சத்தைத் தேடவேண்டும். தலைப்பேன் எடுக்கும் பேன்சீப்பினால் பூனையின் கழுத்துப் பின்புறத்தையும் வாலடியையும் வாரி, வரும் கரிய துகள்களை நனைத்த வெள்ளைத் துணியின் மேல் இடுக. அவை சிறிது நேரத்தில் கரைந்து செந்நிறமாகப் பரவினால் அது செரித்த இரத்தமே. அவ்வீட்டில் தெள்ளு உண்டென்பது உறுதி. நிறம் மாறாதிருந்தால் அது வெறும் மண் எனக் கொள்ளலாம்.

வாழ்க்கை வரலாறு

பூச்சியின் வாழ்க்கையை அறிந்தால் அதனை வெல்லும் வழி தானே விளங்கும். வளர்ந்த தெள்ளு பூனையின் மேல் ஏறியவுடன் இரத்தத்தை உறிஞ்சத் தொடங்கும். பிறகு தானாக இறங்குவது அரிது. பெண் பூச்சி இரண்டு நாட்களுக்குள் முட்டையிடத் தொடங்கி, வளம் மிக்க காலத்தில் நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். முட்டைகள் வழவழப்பானவை, மயிரில் ஒட்டாமல் பூனை படுக்கும் இடத்திலும், குதிக்கும் இடத்திலும் உதிர்ந்துவிடும்.

சில நாட்களில் முட்டையினின்று வெண்ணிறமான, காலற்ற சிறு புழு வெளிப்படும். அது இரத்தம் குடிப்பதில்லை. வளர்ந்த பூச்சிகள் கழித்த உலர்ந்த இரத்தத் துகளே அதற்கு முக்கிய உணவு. அத்துகளும் முட்டையுடன் கூடவே பூனையின் மேனியினின்று உதிர்கின்றது. புழு வெளிச்சத்தை வெறுத்து, மண்ணுக்கும் விரிசலுக்கும் இறங்கி ஒளியும். ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் பட்டிழை போன்ற நூலால் கூடு கட்டும். அந்நூல் பசையுள்ளதாதலால் மணலும் தூசியும் அதில் ஒட்டிக்கொள்ளும். கூட்டை மண்கட்டியினின்று பிரித்தறிதல் எளிதன்று. வெப்பமும் ஈரமும் இசைந்தால் முட்டை முதல் பூச்சி வரை மூன்று வாரங்களில் முடிந்துவிடும்.

இக்கூட்டைப் பற்றிய ஒரு செய்தி மிக முக்கியமானது. உள்ளே பூச்சி முழுவளர்ச்சி அடைந்த பின்னரும், பிராணி எதுவும் அருகில் வராதவரை வெளிப்படாமல் காத்திருக்கும். ஐந்து மாதங்களுக்கு மேலும் அவ்வாறு உயிரோடிருந்தது கண்டறியப்பட்டுள்ளது. காலடியின் அழுத்தம், உடற்சூடு, மூச்சுக்காற்று ஆகியவற்றை உணர்ந்தவுடன் அது கூட்டைக் கிழித்து வெளிவரும். பல மாதம் பூட்டியிருந்த களஞ்சியத்தையோ வீட்டையோ திறந்து நுழைவோரின் கணுக்கால்களில் நூற்றுக்கணக்கான பூச்சிகள் ஒரே சமயத்தில் ஏறுவது இதனாலேயாம். மருந்து பெரும்பாலும் கூட்டினுள் நுழைவதில்லை. எனவே ஒரு முறை செய்த சிகிச்சை போதாது. இரண்டு மூன்று மாதங்கள் விடாது செய்யவேண்டும்.

இப்பகுதியில் பெருகுவதற்குக் காரணம்

தெள்ளின் புழுவுக்கு மிதமான வெப்பமும் காற்றில் ஈரமும் வேண்டும். வறண்ட காற்றில் அது உடல்நீர் வற்றி மடியும். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் நீடித்தாலும் மடியும். பழவேற்காட்டு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவுக்கு அடுத்த பெருமை உடையது. கடலும் ஏரியும் அருகிருத்தலால் அதன் கரையிலுள்ள ஊர்களில் காற்றின் ஈரம் மிகுதி. குப்பங்களில் குடிசையின் தரையும் முற்றமும் மணலாக இருப்பதால் புழு ஒளிவதற்கு இடம் எளிதில் வாய்க்கின்றது. நன்செய் ஊர்களிலோ, எலிக்கும் ஈரத்திற்கும் அஞ்சி உயர்த்திக் கட்டிய குதிரின் அடிப்பகுதி, வைக்கோற்போரின் ஓரம், விறகடுக்கு, மாட்டுக் கொட்டிலின் மூலை ஆகியவை வெயில் படாத, தூசி நிறைந்த இடங்களாம். பூனை பகலில் உறங்க விரும்புவதும் இவ்விடங்களையே.

வெயில் படும் திறந்த முற்றத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் புழு பிழைப்பதரிது. நிழலிலோ அது தப்பிவிடுகின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையால் காற்று ஈரமுற்று, பூனைகளும் நாய்களும் வீட்டினுள் ஒதுங்கும்பொழுது பூச்சி பெருகுகின்றது. ஆதலால் தடுப்பு வேலையைப் புரட்டாசியிலேயே, மழைக்கு முன்னர்த் தொடங்குதல் சிறந்தது.

விளையும் தீங்குகள்

பெண் தெள்ளு நாளொன்றுக்குத் தன் எடையைப் போல் சுமார் 15 மடங்கு இரத்தம் உறிஞ்சும். பெரிய பூனை இதனைப் பொறுக்கும், குட்டியோ பொறாது. ஈறும் நாவும் வெளுத்து, பால் குடியாமல், உடல் குளிர்ந்து கிடக்கும் குட்டி பெரும்பாலும் இரத்தக் குறைவால் வருந்துவதாகும், காலந்தாழ்த்தினால் இறக்கும். சில பூனைகளுக்குத் தெள்ளின் உமிழ்நீர் ஒவ்வாமையை உண்டாக்கி, முதுகிலும் வாலடியிலும் மயிர் உதிர்ந்து சிறு புண்கள் தோன்றும்.

நாடாப்புழு ஒன்றும் தெள்ளினால் பரவுகின்றது. அப்புழுவின் முட்டையைத் தெள்ளின் புழு உண்ண, அது வளர்ந்து பூச்சியான பின் பூனை அதனை நக்கி விழுங்க, நாடாப்புழு பூனையின் குடலில் வளர்கின்றது. பூனையின் மலவாயருகில் வெள்ளரி விதை அல்லது அரிசி போன்ற துண்டுகள் காணப்பட்டால் இதனை ஐயுறலாம். தரையில் விளையாடும் சிறு குழந்தைகள் தவறித் தெள்ளை விழுங்கினால் அவர்களுக்கும் இது சிற்சில வேளைகளில் உண்டாகும். பூனை கீறுவதால் வரும் ஒருவகைக் காய்ச்சலின் கிருமியும் தெள்ளின் எச்சத்தில் இருந்தே பூனையின் நகத்தில் சேர்கின்றது.

எலித்தெள்ளும் பூனையும்

பூனையைக் காப்பது ஊர் நலத்தோடு தொடர்புடையது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. எலியின் மேல் வாழும் தெள்ளு வேறு இனம். 1896-ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக் என்னும் கொள்ளைநோய் சில பத்தாண்டுகளுக்குள் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்களை மாய்த்தது. எலியினின்று மனிதனுக்கு அந்நோயைக் கொணர்வது தெள்ளே என்பதை 1898-இல் கராச்சியில் ஆராய்ந்த சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் எடுத்துக் காட்டினார். 1913-இல் கொழும்பில் இருந்த ஹர்ஸ்ட் என்னும் மருத்துவர், அந்நகரத்து எலிகளின் மேல் மிகுந்திருப்பது ஆஸ்டியா என்னும் இனம் என்றும், அது பம்பாயில் மிகுந்த கியோப்பிஸ் இனத்தைப் போல நோயைப் பரப்பும் ஆற்றல் உடையதன்று என்றும் கண்டார். சென்னைக் கரையோரம் பம்பாயைப் போல் அழிவுறாமைக்கும் இதுவே ஒரு காரணம் எனப் பின்னர்க் கருதப்பட்டது.

இன்று அக்கொள்ளைநோய் இப்பகுதியில் இல்லை. ஆயினும் எலித்தெள்ளு காய்ச்சல் நோய்களைப் பரப்ப வல்லது. எலி இறந்தவுடன் அதன் மேலிருந்த தெள்ளு வேறு உடலைத் தேடிப் புறப்படும். எனவே தெள்ளு மிகுந்த வீட்டில் முதலில் தெள்ளை ஒழித்து, அதன் பின்னரே எலிக்கு நஞ்சு வைத்தல் முறை. நஞ்சுண்ட எலியைத் தின்று பூனையும் இறக்கக்கூடுமாதலால், பூனை உள்ள வீட்டில் நஞ்சினும் பொறியே நன்று.

பூச்சிமருந்தால் பூனை அழிந்து எலி பெருகும் என்பது வெறும் அச்சமன்று. போர்னியோத் தீவில் மலேரியாவைத் தடுக்க வீடுகளில் டி.டி.ட்டி. தெளித்த பின் பூனைகள் பல இறந்தன என்று கூறப்பட்டது. அத்தீவின் சரவாக் பகுதியில் பேரியோ என்னும் மலையூருக்கு 1960-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆகாயப் படையினர் பூனைகளைக் கூடைகளில் வைத்துப் பாராசூட்டின் மூலம் இறக்கினர். ஊருக்கு ஊர் பூனையை வானத்தினின்று இறக்குதல் இயலாது. உள்ள பூனையைக் காப்பதே எளிது.

செய்யத் தகாதவை

மனிதன், நாய் முதலியோரின் ஈரல் சில நஞ்சுகளை முறித்து வெளியேற்றுவது போலப் பூனையின் ஈரல் செய்ய வல்லதன்று. மேலும் பூசிய எதனையும் பூனை நக்கி உட்கொள்ளும். ஆதலால் பின்வருவனவற்றைப் பூனைக்கு இடுதல் கூடாது:

1. பெர்மெத்ரின், சைப்பர்மெத்ரின், டெல்டாமெத்ரின் முதலியன அடங்கிய வயல் மருந்து, மாட்டு மருந்து, நாய் மருந்து ஆகியவை. இவற்றால் பூனைக்கு எச்சில் ஒழுகல், நடுக்கம், வலிப்பு ஆகியவை உண்டாகும்.

2. பழைய காலத்து டி.டி.ட்டி., பி.எச்.சி. தூள்கள். முன்னதன் வேளாண் உபயோகம் இந்தியாவில் 1989-இலும், பின்னது 1997-இலும் தடை செய்யப்பட்டன. பழைய பெட்டியில் எஞ்சியிருப்பினும் அவற்றைத் தொடலாகாது.

3. மண்ணெண்ணெய், பினாயில், கார்பாலிக் கரைசல், புகையிலை நீர், அந்துருண்டைத் தூள்.

4. வேப்பெண்ணெயைக் கலப்பின்றி உடல் முழுதும் பூசுதல். வேப்பிலையைப் படுக்கையின் கீழ் இடுவதால் தீங்கில்லை. ஆனால் அது ஒன்றே போதுமென்று இருத்தல் தவறு.

தவறுதலாக மருந்து பட்டுவிட்டால், வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் மென்மையான சோப்பும் கொண்டு கழுவி, துணியால் போர்த்து, மருந்துப் புட்டியோடு உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. வாந்தி எடுப்பிக்க முயலலாகாது.

செய்ய வேண்டியவை

தரை: பூனை உறங்கும் இடங்களை முதலில் கண்டறிக. குதிரின் அடி, விறகடுக்கு, வலைக்குவியல் முதலியவற்றை அகற்றி அவ்விடத்தை நன்றாகப் பெருக்குக. பெருக்கிய குப்பையை வாயிற்புறத்தில் கொட்டினால் பூச்சி திரும்பி வரும்; அதனை அன்றே எரித்துவிடுக. மண் தரையின் விரிசல்களைக் களிமண்ணால் அடைத்து மெழுகுக. சிமெண்டுத் தரையாயின் சோப்பு நீரால் கழுவுக. மணல் தரையாயின் மேல் மணலை 2 அங்குல ஆழம் வாரி, முற்றத்து வெயிலில் மெல்லிதாகப் பரப்பி, வெயிலில் நன்கு காய்ந்த வேறு மணலை உள்ளே இடுக. இவ்வேலையை வாரம் ஒரு முறை இரண்டு மாதம் செய்க.

படுக்கை: பூனைக்கு ஒரு சாக்கை ஓரிடத்தில் இட்டுப் பழக்கினால் முட்டைகள் பெரும்பாலும் அதிலேயே உதிரும். அச்சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துக. சிதறிக் கிடக்கும் பகையை ஓரிடத்தில் சேர்த்து அழிப்பதற்கு இது எளிய உபாயம்.

பூனை: நாள்தோறும் பேன்சீப்பால் வாரி, சீப்பைச் சோப்பு நீரில் தோய்த்திடுக. வெறும் நீரில் தெள்ளு மிதந்து தப்பும். சோப்பு நீரில் அமிழ்ந்து இறக்கும். எட்டு வாரத்திற்கு உட்பட்ட குட்டிகளுக்குச் சீப்பே தலைசிறந்த மருந்து.

சோதனை: இரவில் தரைமேல் ஒரு தட்டில் சோப்பு நீரை வைத்து, அதன் மேல் சிறு விளக்கொன்றைத் தாங்கி வைத்தால், பசித்த பூச்சிகள் வெளிச்சத்தை நாடிக் குதித்து நீரில் விழும். காலையில் விழுந்தவற்றை எண்ணி வாரந்தோறும் குறித்து வந்தால், பூச்சி குறைகின்றதா என்பது தெளிவாகும்.

மருந்தும் ஏரியும்

பூச்சி மிகுந்துள்ள இடத்தில் மருந்தும் வேண்டும். பிப்ரோனில், செலாமெக்டின் முதலியன அடங்கிய, பூனைக்கென்றே செய்த துளிமருந்துகள் உள. கால்நடை மருத்துவர் பூனையின் எடையையும் வயதையும் அறிந்து குறிக்கும் அளவில், நாவிற்கு எட்டாத பிடரித் தோலில் அவற்றை இடவேண்டும். நாய்க்குரிய அளவைப் பங்கிட்டுப் பூனைக்கு இடுதல் தகாது. வீட்டிலுள்ள பூனைகள், நாய்கள் அனைத்திற்கும், அதற்கதற்கு உரிய மருந்தை, ஒரே நாளில் இடுக. ஒன்று விடுபட்டாலும் பயனில்லை.

ஏரிக்கரையில் உள்ளோர் இன்னும் ஒன்றைக் கருதவேண்டும். தெள்ளைக் கொல்லும் மருந்துகள் பல இறாலையும் நண்டையும் கொல்ல வல்லவை. ஏனெனில் பூச்சியும் இறாலும் கணுக்காலி என்னும் ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்த உயிர்கள். 2016 முதல் 2018 வரை இங்கிலாந்தின் 20 ஆறுகளில் எடுத்த நீரை ஆராய்ந்ததில் பெரும்பாலானவற்றில் பிப்ரோனில் காணப்பட்டது. வளர்ப்புப் பிராணிகளுக்கு இடும் மருந்தே இதற்கு முக்கிய காரணமாக இருக்கலாம் என ஆராய்ந்தோர் கருதினர். ஆகவே மருந்திட்ட நாயைக் கால்வாயிலோ ஏரியிலோ நீராட்டுதலும், மருந்துப் புட்டியை அங்கே கழுவுதலும், தரைக்குத் தெளித்த மருந்து நீரை வடிகாலில் விடுதலும் கூடா. இறாலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது பூனையின் நலத்தினும் பெரிய விஷயமாகும்.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

தெள்ளு ஒரு வீட்டின் எல்லையில் நிற்பதன்று. தெருநாய் அதனை வீடுதோறும் கொண்டு சேர்க்கும். ஆதலால் ஒரு தெருவிலுள்ளோர் அனைவரும் ஒரே வாரத்தில் தரையைத் திருத்தும்படி ஊராட்சியினர் ஏற்பாடு செய்தால் பயன் பன்மடங்காகும். புரட்டாசி மாதத்தில் ஒரு வாரத்தை இதற்கென ஒதுக்கலாம். பள்ளி, நியாயவிலைக் கடை, நெல் சேமிக்கும் கிடங்கு ஆகிய பொது இடங்களில் பூனை, நாய் ஒதுங்கும் மூலைகளையும் அப்பொழுதே துப்புரவு செய்விக்க வேண்டும். எலிகள் காரணமின்றித் திரளாக இறந்து கிடந்தால் அவற்றைக் கையால் தொடவிடாமல், சுகாதாரத் துறையினர்க்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

இங்குக் கூறியவற்றுள் பெரும்பகுதிக்கு வேண்டுவன துடைப்பம், பேன்சீப்பு, சோப்பு, கொதிநீர், வெயில் ஆகியவையே. இவை எல்லா வீட்டிலும் உள்ளன. இரண்டு மாதம் விடாது செய்யும் பொறுமை ஒன்றே தனியாக வேண்டுவது. அதனைக் கைக்கொள்வோர் வீட்டில் பூனை நலமுற்றிருக்கும். நெல்லும் வலையும் எலிக்குத் தப்பும். குழந்தைகள் தரையில் அச்சமின்றி உறங்குவர்.